பதுளையில் குதிரை ரேஸ் நடந்தது தெரியுமா? கடிவாளம் முதல் கள்ள ஊசி வரை வாயைப் பிளக்க வைக்கும் விஷயங்கள்!

பதுளையில் ரேஸ் கோர்ஸா?

ஆமாம், நம்ம பதுளையில்தான்! ஊவாத் தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைமார் இங்கே கிளப் வைத்திருந்தார்கள். டென்னிஸ் உண்டு, கிரிக்கெட் உண்டு, குதிரை ஓட ஒரு ரேஸ் கோர்ஸும் உண்டு! இன்று அந்தக் கிளப்பும் இல்லை, குதிரையும் இல்லை. முத்தியங்கணை விகாரையைத் தெரியும், துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைத் தெரியும், ஊருக்குள் பந்தயம் கட்டிக் குதிரை விட்டார்கள் என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரயில் வர எத்தனை வருஷம் பிடித்தது தெரியுமா?

நானுஓயாவுக்கு ரயில் 1885-இல் வந்தது. அப்புத்தளைக்கு 1893. பண்டாரவளைக்கு 1894. பதுளைக்கு? 1924! பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இறங்க மட்டும் 30 வருஷம்! நடுவில் தெமோதரைச் சுற்றும் ஒன்பது வளைவுப் பாலமும் கட்ட வேண்டியிருந்ததே! ரயில் வருமுன் ஊவாவின் வண்டி, வாகனம் எல்லாமே நாலு கால்தான். பொதிமாடுகள் வரிசையாக நடக்கும் தவளம், மாட்டு வண்டி, துரைக்குச் சவாரிக் குதிரை. கோப்பி மூட்டையும் அரிசி மூட்டையும் இப்படித்தான் மலை ஏறி இறங்கின. துரை குதிரையில் போக, நம் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து மலை வரை வெறுங்காலால் நடந்து வந்தார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்!

குதிரைக்கு மூச்சு வாங்கும் மைதானம் எது?

நுவரெலியா! 1875-இல் அமைந்த ரேஸ் கோர்ஸ். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. பதுளையிலிருந்து கிட்டத்தட்ட 1,200 மீற்றர் மேலே! அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் பழகிய குதிரை இங்கே வந்ததும் அதே வேகத்தில் ஓடினால் கடைசி 200 மீற்றரில் என்ன ஆகும்? பழக்கிய ஆளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் வசந்த காலம் வந்தால் இன்றும் அங்கே கூட்டம் அலைமோதுகிறது!

கொழும்பு ரேஸ் கோர்ஸிலிருந்து விமானம் பறந்தது தெரியுமா?

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வருகின்றன. எதிர்த்துப் பறந்த ஹரிக்கேன் விமானங்களில் ஒரு பகுதி எங்கிருந்து எழும்பியது? குதிரை ஓடிய கறுவாத்தோட்ட ரேஸ் கோர்ஸிலிருந்து! யுத்தத்துக்காக அதை விமான ஓடுபாதையாக மாற்றியிருந்தார்கள். குதிரை ஓட வைத்த சமதரை சண்டை விமானத்துக்கும் போதுமாயிருந்தது!

ஆசியாவின் முதல் தபால் கோச் எங்கே ஓடியது?

கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில்! 1832-இல்! குதிரை பூட்டிய தபால் கோச் ஆசியாவிலேயே முதன்முதலில் ஓடிய பாதை என்று அந்த வீதிக்குப் பெயர். குதிரைக்குச் சேணம் பூட்டி வண்டி இழுக்கவிட்டு நேரத்தோடு போட்டி போடும் கலை இந்தத் தீவுக்குப் புதிதே அல்ல!

80 அடிப் பள்ளத்தில் விழுந்த வண்டியைத் தெரியுமா?

1848-இல் நுவரெலியாவில் ஆங்கிலப் பண்ணை போட வந்தவர் சாமுவேல் பேக்கர். ஆடு, மாடு, குதிரை, வேட்டைநாய் என்று கப்பல் நிறைய இறக்கினார். அவருடைய குதிரைக்காரன் ஹென்ரி பெர்க்ஸ் மலைப் பாதையில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். வண்டியும் குதிரைகளும் சுமார் 80 அடிப் பள்ளத்தில்! நல்ல வேளை, இவன் விழவில்லை. எழுத்துப்பிழை மலிந்த ஒரு கடிதத்தில் எஜமானுக்குச் செய்தி சொன்னான். சரி, உதவிக்கு ஒரு யானையை அனுப்பினார்கள். அதையும் மலை ஏற்றத்தில் விரட்டி விரட்டி ஓட்டிச் சாகடித்துவிட்டான்! பேக்கரே தம் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். கடிவாளம் யார் கையில் என்பதுதான் எல்லாம்!

குதிரை வியாபாரிகள் ராஜாவானது தெரியுமா?

சேனன், குத்திகன் என்று இரண்டு தமிழர். குதிரை கொண்டுவந்து விற்ற ஒருவரின் பிள்ளைகள் என்கிறது மகாவம்சம். அநுராதபுரத்தைப் பிடித்து 22 வருஷம் ஆண்டார்கள்! கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில்! நீதியோடு ஆண்டார்கள் என்று அதே நூல் பாராட்டுகிறது. இலங்கை வரலாற்றில் முதல் தமிழ் மன்னர்கள் வந்தது குதிரையின் முதுகில் என்றே சொல்லலாம்!

தமிழருக்குச் சொந்தமாக வண்டிப் பந்தயம் இருக்கிறதா?

இல்லாமலா! யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மாட்டுவண்டிச் சவாரி! சவாரித் திடலில் ஜோடி மாடு பூட்டிப் பாய விட்டால் ஊரே வேலியோரம்! தமிழ்நாட்டில் ரேக்ளா! கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் 200 மீற்றர், 300 மீற்றர் என்று நேர்கோட்டில் மின்னல் ஓட்டம். தெற்கே தூத்துக்குடி, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் வேறு கதை: நெடுஞ்சாலையில் பல மைல் போய்த் திரும்பி வர வேண்டும். மாட்டு வண்டியோடு குதிரை வண்டிக்கும் தனிப் பந்தயம் உண்டு!

அங்கே மாடுகளின் வகைப் பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு, தட்டான்சிட்டு! எவ்வளவு அழகு! திரும்பும் இடத்தில் கொடி. அங்கே முதலில் கொடி வாங்கிய சாரதிக்குத் தனிப் பரிசு. ஆகவே பாதித் தூரத்திலேயே ஒரு பந்தயம் முடிகிறது, மீதிப் பாதியில் இன்னொரு பந்தயம்! கொடிக்கு ஆசைப்பட்டு முன்னாலேயே விரட்டினால் திரும்பி வரும்போது மூச்சு நின்றுவிடும். அடக்கி வைத்தால் கொடி போய்விடும். சாரதி அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிழைக்க வேண்டும்!

2014 மே 7-இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியது. 2017-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18-இல் அதே நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஒன்பது வருஷப் போராட்டம்!

மேலை நாட்டில் குதிரை வண்டிப் பந்தயத்துக்கு என்ன பெயர்?

ஹார்னஸ் ரேஸ்! குதிரையின் முதுகில் யாரும் ஏறுவதில்லை. பின்னால் சல்கி என்ற இரண்டு சக்கர வண்டி. எடை சுமார் 20 கிலோதான்! அதில் காலை நீட்டி உட்கார்ந்து ஓட்டுநர் கடிவாள வாரைப் பிடிப்பார். முதுகில் ஏறும் ஜொக்கி சோற்றைக் குறைத்துக் குறைத்து 50 கிலோவுக்கு உடம்பை இளைக்க வேண்டும். சல்கி ஓட்டுநருக்கு அந்தத் தொல்லை இல்லை! எழுபது வயதிலும் ஓட்டுகிறார்கள்!

குதிரை பாயவே கூடாத குதிரைப் பந்தயம் தெரியுமா?

இதுதான் பெரிய வேடிக்கை! ஹார்னஸ் ரேஸில் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது! இரண்டே நடைதான். ஒன்று ட்ரொட்: முன் இடதும் பின் வலதும் சேர்ந்து விழும். மற்றது பேஸ்: ஒரே பக்கத்து இரண்டு கால்களும் சேர்ந்து விழும். வேகத்தில் மதி கெட்டுக் குதிரை பாய்ச்சலுக்குத் தாவிவிட்டதா? ஓட்டுநர் உடனே அதை வெளிப்பக்கம் ஒதுக்கி, இழுத்துப் பிடித்து, பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் எல்லோரும் முன்னே போயிருப்பார்கள்! பாய்ந்தபடியே முந்தினால் தகுதி இழப்பு! முடிந்த மட்டும் வேகம், ஆனால் ஒரு இம்மி கூடினாலும் எல்லாம் போச்சு!

அந்த நடை ஒரே ஒரு எழுத்தில் இருக்கிறதாம்!

2012-இல் சுவீடன் விஞ்ஞானிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் குதிரையின் மரபணுவைத் துருவினார்கள். டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது! கோடிக் கணக்கான எழுத்துகளில் ஒன்று! அது மாறினால் முதுகுத் தண்டு கால்களுக்கு அனுப்பும் கட்டளையே வேறு. பாய்ச்சலுக்குத் தாவாமலே பறக்கிற வேகத்தில் நடை போட முடிகிறது. பேஸ் நடை குதிரைகளிடம் இந்த மாற்றம் அநேகமாகத் தப்பாமல் இருக்கிறது!

125 டாலர் குதிரைக்குட்டி என்ன ஆனது தெரியுமா?

1849-இல் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு குட்டி பிறந்தது. நொண்டித் தாயும் குட்டியும் சேர்த்து 125 டாலர். வாங்கியவர் பண்ணையில் கூலி வேலை செய்த வில்லியம் ரிஸ்டிக். குட்டியின் பெயர் ஹாம்பிள்டோனியன். அது ஈன வைத்த குட்டிகள் 1,331! இன்று அமெரிக்க ஹார்னஸ் ரேஸில் ஓடும் குதிரைகள் அநேகமாக எல்லாமே அதன் வம்சம்! கூலியாள் பணக்காரனானார். விற்ற பண்ணைக்காரர்?

ஒரு மைல் எத்தனை செக்கன்?

1897-இல் ஸ்டார் பொயின்ட்டர் என்ற குதிரை முதன்முதலாக இரண்டு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடியது. உலகமே வியந்தது! 2022 ஜூலையில் புல்டோக் ஹனோவர் எடுத்த நேரம் 1 நிமிடம் 45.8 செக்கன்! மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீற்றர்! பாயாமல்! வண்டி இழுத்துக்கொண்டு! ஆளையும் சேர்த்து! எல்ல வீதி வளைவில் அந்த வேகத்துக்கு நம்ம பஸ் போனால் உள்ளே இருப்பவர்கள் சாமி கும்பிடுவார்கள்!

சைக்கிள் சக்கரம் செய்த அதிசயம்!

1891-இல் ட்ரொட் சாதனை 2 நிமிடம் 8¼ செக்கன். பெரிய மரச் சக்கர வண்டி. அடுத்த வருஷமே நான்சி ஹேங்ஸ் என்ற பெட்டைக் குதிரை 2 நிமிடம் 4 செக்கனில் ஓடிவிட்டது. குதிரைக்குச் சிறகு முளைத்ததா? இல்லை! வண்டிக்குக் காற்றடித்த சைக்கிள் சக்கரம் மாட்டினார்கள்! அவ்வளவுதான்! நாலு செக்கன் காணாமற்போனது!

எஜமானும் குதிரையும் அடுத்தடுத்த நாளில்!

டேன் பேட்ச் என்ற குதிரையை அமெரிக்கர் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். போட்டிக்கு வர வேறு குதிரையே இல்லாமல் கடிகாரத்தோடு ஓடியது! 1906-இல் ஒரு மைலை 1 நிமிடம் 55 செக்கனில் முடித்தது. 1916 ஜூலை 11-இல் குதிரை இறந்தது. மறுநாள் ஜூலை 12-இல் அதன் சொந்தக்காரர் மேரியன் சாவேஜும் இறந்துபோனார்! நம்ப முடிகிறதா?

சல்கி ஓட்டுநரின் தந்திரங்கள் தெரியுமா?

முதல் தந்திரம்: முன்னால் போகாதே! முன்னே ஓடும் குதிரை காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அதன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்றும் அடிக்காது, குதிரையின் மூச்சும் மிச்சம். கடைசி நீட்டில் வெளியே இழுத்து ஒரே விரட்டு! அபாயமும் அங்கேதான் இருக்கிறது. முன்னே ஒரு வண்டி, பக்கத்தில் ஒரு வண்டி, மறுபக்கம் தடுப்பு. வெளியே வர வழியே கிடைக்காவிட்டால்? முழுத் தெம்போடு உள்ளே சிறைப்பட்டுத் தோற்க வேண்டியதுதான்!

இரண்டாவது: வளைவில் வெளியே ஓடாதே! கணக்குப் போடுவோமா? அரை மைல் சுற்றுள்ள தடத்தில் ஒரு மைலுக்கு நாலு வளைவு. உள் வரிசையைவிட 2 மீற்றர் வெளியே ஓடினால் ஒவ்வொரு வளைவிலும் 6 மீற்றருக்கு மேல் கூடுதல். நாலுக்கும் சேர்த்து 25 மீற்றர்! அந்த வேகத்தில் ஒன்றரைச் செக்கனுக்கு மேல்! மூக்கு நுனி வித்தியாசத்தில் முடிகிற பந்தயத்தில் 25 மீற்றர் என்றால் சும்மாவா?

மூன்றாவதைக் கேட்டால் மயங்கிப் போவீர்கள். குதிரையின் காதில் பஞ்சு! பந்தயம் முழுக்கக் காதை அடைத்து வைத்திருப்பார்கள். சத்தம் கேட்காததால் மிரளாமல், அவசரப்படாமல் ஓடும். அடைப்பிலிருந்து ஒரு மெல்லிய கயிறு பின்னால் வண்டி வரை வரும். கடைசி நீட்டு வந்ததும் ஓட்டுநர் கயிற்றைச் சுண்டுவார். இரண்டு காதும் ஒரே நேரத்தில் திறக்கும்! கூட்டத்தின் கூச்சல், பின்னால் வரும் குளம்படி, சக்கரச் சத்தம் எல்லாம் ஒன்றாய் உள்ளே பாயும்! குதிரைக்கு எங்கிருந்தோ ஒரு வேகம்! ஒரு அடி கூட அடிக்காமல்!

அதோடு மூக்கின் மேலே ஏன் கம்பளி உருளை கட்டுகிறார்கள் தெரியுமா? தரையில் விழும் நிழலைப் பார்த்துக் குதிரை தாண்டப் பார்க்குமாம். அதை மறைக்கத்தான்!

கார் கதவைத் திறக்கும் பந்தயம்!

ஓடிக்கொண்டிருக்கும் குதிரைகளை ஒரே கோட்டில் நிறுத்துவது எப்படி? 1946-இல் நியூயோர்க் ரூஸ்வெல்ட் ரேஸ்வேயில் ஒரு மோட்டார் காரின் இரண்டு பக்கமும் நீளமான தடுப்பு வைத்தார்கள். கார் முன்னே ஓடும், குதிரைகள் அதன் பின்னால் வரிசையாக ஓடிவரும். கோடு வந்ததும் தடுப்பு மடங்கும், கார் பறந்துவிடும், பந்தயம் ஆரம்பம்!

இனி குதிரையின் உடம்புக்குள் போவோமா?

சும்மா நிற்கும்போது குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 தடவைதான் துடிக்கும். பந்தயத்தில்? 220-ஐயும் தாண்டும்! சாதாரணக் குதிரையின் இதயம் நாலைந்து கிலோ. அவுஸ்திரேலியாவின் ஃபார் லாப் குதிரையின் இதயம் 6.2 கிலோ! கன்பராவில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்!

மண்ணீரல் செய்யும் மாயம் தெரியுமா? இரத்தச் சிவப்பணுக்களை அது மூட்டை கட்டிச் சேர்த்து வைத்திருக்கும். ஓட்டம் தொடங்கியதும் சுருங்கி மொத்தத்தையும் இரத்தத்தில் கொட்டிவிடும். ஓய்வில் 40 சதவீதம் போல இருக்கும் சிவப்பணுப் பங்கு 60-ஐத் தாண்டிவிடும்!

குதிரைக்கு வாயால் மூச்சு விடத் தெரியாது! மூக்கால் மட்டும்தான்! வாந்தி எடுக்கவும் முடியாது! சின்ன இரைப்பை, கிட்டத்தட்ட 30 மீற்றர் குடல். தீனியில் ஒரு தவறு நேர்ந்தால் வயிற்று வலி உயிரையே எடுக்கும். குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, காலால் தரையைக் கீறினாலோ, உருண்டு புரண்டாலோ மருத்துவரைக் கூப்பிட ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கொள்ளென்றாலும் வாயைத் திறக்காத குதிரைதான் உண்மையில் பயப்பட வேண்டிய குதிரை!

வியர்வையில் சவர்க்காரம்!

ஓடி வந்த குதிரையின் கழுத்தில் வெள்ளை நுரை பார்த்திருக்கிறீர்களா? வியர்வையில் லேதரின் என்ற புரதம் இருக்கிறது. அதுதான் நுரைக்கிறது! வியர்வையை ரோமத்தின் நுனி வரை பரப்பி உடம்பைக் குளிர வைக்கிறது. ஆனால் குளிர் நாட்டுக் குதிரையை வெப்ப நாட்டுக்குக் கொண்டுவந்தால் சிலவற்றுக்கு வியர்ப்பதே நின்றுவிடும்! வெள்ளைக்காரர் நம்ம பக்கத்து நாடுகளுக்குக் கொண்டுவந்த குதிரைகளில்தான் இந்த நோயை முதலில் கவனித்தார்கள். உள்ளே கொதிக்கும், மேலே ஒரு சொட்டு ஈரம் இருக்காது!

நுரையீரலில் இரத்தம்!

கடும் ஓட்டத்துக்குப் பிறகு குழாய்க் கமரா விட்டுப் பார்த்தால் பந்தயக் குதிரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் மூச்சுக்குழாயில் இரத்தம் இருக்குமாம்! மூக்கால் வழிந்து வெளியே தெரிவது கொஞ்சத்துக்குத்தான். கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே இப்படி!

சரி, வைத்தியர்கள்?

இங்கேதான் மயிர்க்கூச்செறியும் கதைகள்! 13-ஆம் நூற்றாண்டு. பாண்டிய நாட்டுக் கரையில் காயல் துறைமுகம். அரபு, பாரசீகக் குதிரைகள் வந்து இறங்குகின்றன. வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் கணக்கு எழுதியிருக்கிறார்: ஒரு குதிரை 220 பொன் தினார்! காயல் போன்ற துறைமுகங்களுக்கு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 10,000 குதிரை! கடலில் செத்த குதிரைக்கும் பணம் கொடுத்தார்களாம்! மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதை நமக்குத் தெரியாதா? அந்தப் பணம் எவ்வளவு பெரியது என்று இப்போது புரிகிறதா?

அதே கரைக்கு வந்த மார்க்கோ போலோ சொல்வதைக் கேளுங்கள். ஒவ்வொரு அரசனும் வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறான். வருஷ முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை! ஏன்? பராமரிக்கத் தெரியவில்லை. சோறும் வேக வைத்த இறைச்சியும் தீனியாம்! புல் தின்னும் பிராணிக்கு இறைச்சி! குதிரை வைத்தியர் ஏன் வரவில்லை? விற்கும் வியாபாரிகளே வர விடவில்லை என்கிறார்! குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்! எழுநூறு வருஷம் கழித்துப் படித்தாலும் வயிறு எரிகிறது!

ஈழத்தில் நிலைமை என்ன? நாலாம் நூற்றாண்டிலேயே புத்ததாச மன்னர் யானைக்கும் குதிரைக்கும் தனி வைத்தியர் நியமித்தார் என்று சூளவம்சம் சொல்கிறது! மன்னரே நல்ல வைத்தியர்!

முதல் மிருக வைத்தியக் கல்லூரியை யார் தொடங்கினார் தெரியுமா?

குதிரையேற்ற வாத்தியார்! குளோட் பூர்ஜெலா. பிரான்சின் லியோன் நகரம், 1761. அதற்கு முன் ஐரோப்பாவில் குதிரைக்கு வைத்தியர் லாடம் அடிப்பவர்தான். எந்த நோய்க்கும் ஒரே வைத்தியம்: நரம்பைக் கீறி இரத்தம் எடு!

லண்டன் கல்லூரி 1791-இல் வந்தது. அதன் முதல் தலைவர் சென் பெல் இரண்டே வருஷத்தில் இறந்தார். குதிரையிடமிருந்து தொற்றும் கிளாண்டர்ஸ் நோய் என்கிறார்கள்!

சரியாகச் சொன்னவரை நம்பவில்லை!

1880, பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கான். குதிரைகளும் ஒட்டகங்களும் மெலிந்து மெலிந்து சாகின்றன. சர்ரா நோய். கிரிஃபித் எவன்ஸ் என்ற மிருக வைத்தியர் இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நெளிந்து நீந்தும் ஒரு கிருமி! இதுதான் காரணம் என்றார். மேலதிகாரிகள் தலையை ஆட்டி மறுத்தார்கள்! பிறகு உலகமே அவர் சொன்னதை ஏற்றது, அந்தக் கிருமிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவர் வாழ்ந்தது எத்தனை வயது? 100! தாம் சரி என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டே போனார்!

குதிரைக்கு விஷம் வைத்தால் தூக்கு!

1812-இல் இங்கிலாந்தில் டேனியல் டோசன் தூக்கிலிடப்பட்டான். குற்றம்? நியூமார்க்கெட் பந்தயக் குதிரைகள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் ஆசனிக் கலந்தான்!

அதே ஆசனிக்கை 'தெம்பு மருந்து' என்று வைத்தியம் போலவே கொடுத்தார்கள் தெரியுமா? 1932-இல் ஃபார் லாப் திடீரென்று இறந்தது. பல வருஷம் கழித்து அதன் பிடரி மயிரைச் சோதித்தால் ஆசனிக்! பயிற்சியாளரின் பழைய குறிப்புப் புத்தகத்தில் ஆசனிக்கும் ஸ்ட்ரிக்னினும் சேர்த்த தெம்பு மருந்துச் செய்முறைகள்! கொன்றது எதிரியா, மருந்தா? இன்றும் வாதம் ஓயவில்லை!

அப்பச்சோடா ஊக்கமருந்தா?

ஆமாம்! நம்ம குசினியில் இருக்கும் அதே அப்பச்சோடா! ஓடும் தசையில் அமிலம் சேர்ந்தால் குதிரை களைக்கும். அமிலத்தை முறிக்கச் சோடாவைச் சீனியோடு தண்ணீரில் கரைத்து, பந்தயத்துக்குச் சில மணி நேரம் முன்னால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பைக்குள் ஊற்றினார்கள். ஹார்னஸ் ரேஸில்தான் இந்தக் களவு தலைவிரித்தாடியது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மில்க்ஷேக்'! குழாய் ஒரு அங்குலம் தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால்? ஊற்றும் தண்ணீர் நுரையீரலில்! குதிரை அங்கேயே முடிந்தது! இன்று பந்தயத்துக்கு முன்பே இரத்தத்தில் கரியமிலக் கணக்குப் பார்த்துப் பிடிக்கிறார்கள்.

ஒரு மருந்துக் கணக்கு, 21 குதிரை!

2009 ஏப்ரல், புளோரிடா. போலோ ஆட்டத்துக்கு வெனிசுவேலா அணியின் குதிரைகளுக்கு ஊட்ட ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டு விழுந்தன. 21 குதிரைகள்! மருந்து கலந்த இடத்தில் செலினியத்தின் அளவு தவறிவிட்டது. தேவையான தாது உப்புதான், அளவு மீறியதும் எமன்!

பட்டம் பெற்றவரே கள்ள மருந்து விற்றால்?

2020 மார்ச்சில் அமெரிக்காவில் பயிற்சியாளர், மிருக வைத்தியர், மருந்து விற்றவர் என்று இரண்டு டசனுக்கும் மேற்பட்டோர் மீது ஒரே நாளில் வழக்கு! சோதனையில் பிடிபடாத மருந்துகளைத் தயாரித்து விற்ற புளோரிடா மிருக வைத்தியர் சேத் ஃபிஷ்மனுக்கு 2022-இல் 11 வருஷச் சிறைத் தண்டனை! அந்தச் சரக்கு ஹார்னஸ் ரேஸ் லாயங்களுக்கும் போயிருந்தது. வலி தெரியாமல் ஊசி போட்டால் குதிரை ஓடத்தான் செய்யும். எலும்பில் கீறல் இருந்தாலும் ஓடும். வலி என்பது அதற்கு இருக்கும் ஒரே வாய்! அதையும் அடைப்பதா வைத்தியம்?

நம் நாட்டில் யார் ஊசி போடலாம்?

1956-ஆம் ஆண்டின் 46-ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது! பதிவு பெற்ற மிருக வைத்தியர்தான் வைத்தியம் பார்க்கலாம். அவர்களை உருவாக்கப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தனிப் பீடமே உண்டு. ஏப்ரலில் நுவரெலியாவில் கூலிக்குச் சவாரி விடும் மட்டக் குதிரைக்கும் இது பொருந்தும், லயத்துப் பின்னால் கட்டியிருக்கும் உங்கள் பசுவுக்கும் பொருந்தும். கையில் ஊசி வைத்திருப்பவர் பெயர், பதிவு, மருந்தின் பெயர், அளவு: நாலையும் கேட்டு எழுதி வாங்குங்கள்! கேட்டால் கோபிப்பவரிடம் மாட்டைக் காட்டவே காட்டாதீர்கள்!

நெடுந்தீவுக் குதிரைகளுக்கு யார் வைத்தியர்?

யாருமே இல்லாமல் நூற்றுக்கணக்கில் வாழ்கின்றன! போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வாரிசுகள் என்கிறார்கள். 1811 முதல் லெப்டினன்ட் நோலன் அங்கே குதிரை வளர்த்தார். இன்று லாடமில்லை, கடிவாளமில்லை, கொள்ளில்லை! ஆனால் கோடையில் தண்ணீர் வற்றினால் செத்து விழுகின்றன. அவற்றுக்குத் தேவை ஊசியல்ல, ஒரு தொட்டி நல்ல தண்ணீர்!

வண்டிக் குதிரை ஜிம் கதை தெரியுமா?

ஜிம் ஒரு பால்வண்டிக் குதிரை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். வண்டி இழுத்து ஓய்ந்த பிறகு தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து எடுக்க அதன் இரத்தத்தைப் பயன்படுத்தினார்கள். சுமார் 30 லீற்றர் மருந்து கொடுத்தது! எத்தனை பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள்! 1901-இல் ஜிம்முக்கு ஏற்புவலி நோய் வந்தது. அதன் இரத்தத்தைச் சோதிக்காமலே மருந்தாக விட்டார்கள். 13 பிள்ளைகள் இறந்தார்கள்! அந்தக் கொடுமையால்தான் 1902-இல் இப்படிப்பட்ட மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் வந்தது!

பாம்பு கடித்தால் குதிரை காப்பாற்றும் தெரியுமா?

இதைக் கொழுந்து பறிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்! இலங்கை ஆஸ்பத்திரிகளில் பாம்புக் கடிக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராகிறது. எதிலிருந்து? குதிரை இரத்தத்திலிருந்து! பாம்பு விஷத்தைத் துளித்துளியாக, அளவைக் கூட்டிக் கூட்டிக் குதிரைக்கு ஏற்றுவார்கள். குதிரையின் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உருவாக்கும். இரத்தத்தை எடுத்து, நீர்ப்பகுதியைப் பிரித்து, சுத்தம் செய்து தூளாக்கிச் சின்னக் குப்பியில் அடைப்பார்கள். விஷம் எங்கிருந்து? அதில் பெரும் பங்கு சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து! தமிழ் இருளர் பிடித்த பாம்பு, இந்தியக் குதிரை, பதுளை ஆஸ்பத்திரிக் கட்டில்!

நாகம், கண்ணாடி விரியன், எண்ணெய் விரியன் என்று நம்மவர் சொல்லும் கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்குமான மருந்து அது. ஆனால் ஒன்று! மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கிய சின்ன விரியன் தேயிலைத் தூருக்கடியில் சருகோடு சருகாகக் கிடக்குமே, அதன் கடிக்கு இந்தக் குப்பி வேலை செய்யாது! இந்திய மருந்து தயாரிக்கும்போது அந்த விஷம் எந்தக் குதிரைக்கும் ஏற்றப்படவில்லை! அதனால் கடித்த பாம்பின் நிறத்தையும் தலையையும் தூரத்திலிருந்தே பார்த்து வைத்து, முடிந்தால் போனில் படமெடுத்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரிடம் சொல்லுங்கள். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போகாதீர்கள்!